பாலம் தாண்டினால் மூன்று வெள்ளியா?

சிங்கப்பூரில் ஒரு வெள்ளி சம்பாதித்தால் இங்கே மூன்று வெள்ளிக்கு மேல் என்னும் கணக்கு ஜொகூர்த் தோட்டங்களில் பள்ளிப் பிள்ளைக்கும் மனப்பாடம். பால்மரத்தைத் தொட விரும்பாத வாலிபர்கள் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலத்தை நோக்கிப் பறக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சம்பளப் புத்தகம் எழுதுகிற கிராணி நான். அவர்கள் ஏன் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்தக் கணக்கைச் சற்றுச் சரிபார்க்கத்தான் வேண்டும்.

1973 மே வரை இரு நாட்டு வெள்ளியும் சமமாகவே மாறின. இன்றுள்ள வித்தியாசம் நாணயத்தின் வித்தியாசமேயன்றி உழைப்பின் வித்தியாசமன்று. அங்கேயே உண்டு அங்கேயே உறங்குகிறவனுக்கு ஒரு வெள்ளி ஒரு வெள்ளிதான். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நாலைந்து வெள்ளி போய்விடும். அறை வாடகை சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கும். ஆகவேதான் ஜொகூர் பாருவில் குடியிருந்து அங்கே வேலைக்குப் போகிறார்கள். அதில் லாபம் உண்டு, மறுப்பாரில்லை. அதற்குக் கொடுக்கிற விலை தூக்கம். பிள்ளை விழிக்குமுன் கிளம்பி, அது உறங்கியபின் வீடு திரும்பும் தகப்பன்மார் எத்தனை பேர்!

யாரும் கணக்கில் சேர்க்காதது ஒன்று உண்டு. அது சேமநிதி. 2025 முதல் இங்கே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதற்கு முதலாளி 221, தொழிலாளி 187, ஆக 408 வெள்ளி மாதந்தோறும் சேமநிதியில் விழுகிறது. பத்து வருஷத்தில், லாப ஈவு சேராமலே, 48,960 வெள்ளி. சிங்கப்பூரின் மத்திய சேமநிதியோ அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. வேலை பெர்மிட்டில் போகும் நம் பையனுக்கு முதலாளி பங்கு அங்கேயும் கிடையாது, இங்கேயும் கிடையாது.

பாலம் தாண்டாதவன் நிலை இன்னும் மோசம். சிங்கப்பூர்ச் சம்பளத்தை நம்பித்தான் ஜொகூர் பாருவில் வீட்டு வாடகை ஏறுகிறது. சனி ஞாயிறில் அந்நாட்டுக் கார்கள் வரிசையாக நிற்கும் கடையில் நம்மவர் விலை விசாரிக்கவே கூசுகிறார். ஆனால் சட்டம் சொல்லும் சம்பளம் ஜொகூர் பாருவுக்கும் கிளந்தானின் உட்புறத்துக்கும் ஒன்றே. 2020இல் நகர்ப்புறத்துக்கு 1,200, மற்ற இடங்களுக்கு 1,100 என்றிருந்தது. 2022 மே மாதத்தில் அந்தப் பேதம் போய் 1,500 என்றானது. கிராமத்தானுக்கு அது நன்மையே. பழையபடி பிரிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சட்டத்தின் அளவு அடித்தளம் மட்டுமே. ஆள் கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டு வெளிநாட்டிலிருந்து ஆள் இறக்கும் நிர்வாகங்கள், தென் ஜொகூரில் அந்த அடித்தளத்துக்கு மேல் ஒரு காசு வைத்துப் பார்த்ததுண்டா?

அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில் தென் ஜொகூர்த் தோட்டங்களுக்கென வாழ்க்கைச் செலவுப் படி ஒன்றைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அங்கத்தினர்கள் தங்கள் கிளைக் கூட்டங்களில் இதைப் பேசட்டும். பாலம் தாண்டுகிற தம்பிமார்களே, சேமநிதி வாரியத்தில் தாமாகவே பணம் கட்ட வழியுண்டு. அந்த 408 வெள்ளியையாவது மாதாமாதம் அங்கே கட்டி வாருங்கள்.