விமர்சனத்துக்கு மூன்று நாள் வாய்ப்பூட்டா?

1935-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நடிக்க கே.பி.சுந்தராம்பாளுக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அதுவரை யாரும் கேள்விப்படாத தொகை. படத்தைவிடச் சம்பளத்தைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. படம் வந்ததும் ஆனந்த விகடனில் கல்கி விமர்சனம் எழுதினார். இந்தப் படத்தில் நன்றாக நடித்திருப்பவை மரங்களும் ஆடுமாடுகளும்தான் என்ற பொருளில் போட்டு உடைத்தார். லட்ச ரூபாயைக் கொட்டியவருக்கு அதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கலாம். தமிழ் பேசும் படம் பிறந்து அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தயாரிப்பாளருக்கும் விமர்சகருக்கும் இடையிலான பூசலுக்கும் கிட்டத்தட்ட அதே வயது.

அந்தப் பூசல் 2024-இல் கோர்ட்டுப் படியேறியது. அந்த ஆண்டு 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' ஆகிய படங்களை முதல் நாள் விமர்சனங்கள் பாதித்துவிட்டதாகத் தயாரிப்பாளர்கள் தரப்பு குற்றம்சாட்டியது. தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூபர்களை விடக் கூடாது என்று நவம்பரில் அறிக்கை வந்தது. டிசம்பரில், படம் வெளியாகி மூன்று நாட்களுக்கு விமர்சனமே வரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போடப்பட்டது. விமர்சனம் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று கூறிய நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது.

தடை கேட்டவர்களின் ஆத்திரத்தில் கொஞ்சமும் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை காலை எந்தப் பெரிய தியேட்டர் வாசலுக்குப் போனாலும் இது புரியும். இடைவேளை மணி அடித்து முடிப்பதற்குள் கைப்பிடிச் சுவரோரம் நாலைந்து மைக்குகள் காத்திருக்கும். பாப்கார்ன் வாங்க வந்தவரை மடக்கி "முதல் பாதி எப்படி ப்ரோ?" என்று கேட்பார்கள். "வேற லெவல்" என்றால் ஒரு தலைப்பு, "மொக்கை" என்றால் அதைவிடக் கவர்ச்சியான தலைப்பு. இதில் கோபமாகத் திட்டுபவருக்குத்தான் மவுசு. காமிரா வந்ததும் குரலை உயர்த்தக் கற்றுக்கொண்ட சிலரை எல்லாத் தியேட்டர் வாசல்களிலும் பார்க்கலாம். அவர்களுக்குப் படம் ஒரு சாக்கு. இரண்டு மூன்று ஆண்டுகள் உழைத்து ஒரு படத்தை எடுத்தவர் இதைப் பார்த்துக் கொதிப்பது இயல்பு.

ஆனால் அந்த மைக்கையும், சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் படம் பார்த்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து நாலு பத்தி எழுதுகிற ரசிகரையும் ஒரே தட்டில் வைப்பதுதான் தவறு. மூன்று நாள் தடை இரண்டு பேரின் வாயையும் சேர்த்தே பூட்டும்.

அப்படியொரு தடை நடைமுறைக்கும் ஒத்துவராது. 2023 ஜனவரியில் 'துணிவு' கொண்டாட்டத்தின்போது சென்னையில் ரசிகர் ஒருவர் உயிரிழந்த பிறகு, தமிழகத்தில் அதிகாலைக் காட்சிகள் நின்றன. அந்த ஆண்டு அக்டோபரில் 'லியோ' வந்தபோது இங்கே முதல் காட்சி காலை 9 மணிக்கு. கேரளத்திலோ 4 மணிக்கே திரை விலகிவிட்டது. சென்னை ரசிகர் பல் துலக்கும் நேரத்தில் பாலக்காட்டுக்காரர் கிளைமாக்ஸ் வரை பார்த்துவிட்டுத் தீர்ப்பையும் சொல்லிவிட்டார். அமெரிக்கக் காட்சிகளும் சென்னையை முந்திக்கொள்ளும். இங்குள்ள தியேட்டர் வாசலில் கயிறு கட்டித் தடுத்து என்ன பயன்?

கேரளமும் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியது. திட்டமிட்டுப் படத்தைக் கவிழ்க்கும் விமர்சனங்களைப் பற்றிய வழக்கு 2023-இல் அங்கே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே கொச்சி போலீஸ் 'ராஹேல் மகன் கோரா' படம் தொடர்பாக வழக்கும் பதிந்தது. நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் 2024 மார்ச்சில் அளித்த அறிக்கை, முதல் 48 மணி நேரம் விமர்சனம் செய்யாமல் பொறுத்திருக்கலாம் என்றது. அதே 2024-இல்தான் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளத்திலேயே பேசித் தமிழ்நாட்டைக் கலக்கியது. இங்கே அதற்குப் பெரிய விளம்பரம் எதுவும் இல்லை. குணா குகையும் இளையராஜா பாட்டும் சேரும் இடத்தைப் பற்றி முதல் வாரம் பார்த்துவிட்டு வந்தவர்கள் வாய் ஓயாமல் பேசியதுதான் விளம்பரம். வாய்ப்பூட்டு போட்டிருந்தால் அந்தப் பேச்சும் மூன்று நாள் தள்ளித்தான் தொடங்கியிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விமர்சனத்தைத் திட்டுகிற அதே கை விமர்சனம் சொன்னபடி கத்தரிக்கோலையும் எடுக்கிறது. 2024 நவம்பர் 14-இல் 'கங்குவா' வெளியானதும் காது வலிக்கிறது என்ற புகார்தான் முதலில் கிளம்பியது. ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தயாரிப்புத் தரப்பே தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டது. சில நாளில் படத்தின் நீளம் 12 நிமிடம் குறைந்தது. படத்தின் மீதான தாக்குதலைக் கண்டித்துப் பதிவிட்ட நடிகை ஜோதிகாகூட, முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை, சத்தம் அதிகம் என்று ஒப்புக்கொண்டார். 'இந்தியன் 2' வெளியான இரண்டு மூன்று நாட்களில் அதிலும் ஏறத்தாழ 12 நிமிடம் போனது. 'மெய்யழகன்' 18 நிமிடம் இளைத்தது. அந்த வெட்டு தேவைதானா என்பது தனிக் கச்சேரி. மூன்று படங்களிலும் சம்பளம் வாங்காமல் ஆலோசனை சொன்னவர்கள் டிக்கெட் எடுத்துப் போனவர்கள்தான்.

தமிழ் சினிமாவின் ஞாபகமே பெரும்பாலும் இப்படிச் சம்பளம் இல்லாமல் ஆர்வத்தால் வேலை செய்தவர்கள் சேர்த்துவைத்தது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று யாரிடமும் இல்லை. அதைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் அன்றைய பத்திரிகைக் குறிப்புகளிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் பொறுக்கி எடுத்தவை. படம் போனாலும் பார்த்தவர் எழுதியது நின்றது.

ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் புகைப்பட ஆர்வத்தோடு சினிமாவுக்குள் நுழைந்தவர். 1958-இல் 'நாடோடி மன்னன்' மூலம் மக்கள் தொடர்பாளரானார். ஆனால் இன்று அவர் பெயரைச் சொல்வது அந்த வேலைக்காக அல்ல. எந்தப் படம் எந்த ஆண்டு வந்தது, யார் எடுத்தார்கள், யார் யார் நடித்தார்கள் என்று யாரும் கேட்காமலே வாழ்நாள் முழுக்கக் குறித்துவைத்தார். கடைசியில் அந்தச் சேகரிப்பை அரசே வாங்கிக்கொண்டது. இன்று தமிழ் சினிமாவைப் பற்றி எவர் புள்ளிவிவரம் சொன்னாலும் எங்கோ ஓரிடத்தில் ஆனந்தனின் நோட்டுப் புத்தகத்துக்குத்தான் போய் நிற்கும். சட்டம் படித்த ராண்டார் கை பழைய படங்களின் பிறப்பு வரலாற்றைப் பல ஆண்டுகள் பத்திப் பத்தியாக எழுதினார். தியடோர் பாஸ்கரனுக்கோ அஞ்சல் துறையில் உத்தியோகம். தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல்துறைத் தலைவர் பதவி வரை போனவர். அலுவலகக் கோப்புகளுக்கு நடுவே ஆவணக் காப்பகங்களைக் குடைந்து, சுதந்திரப் போராட்டத்துக்கும் நாடக, சினிமா மேடைக்கும் இருந்த உறவை 1981-இல் புத்தகமாக்கினார். 1996-இல் வந்த அவருடைய இன்னொரு புத்தகம் சினிமா நூலுக்கான தேசிய விருதைப் பெற்றது. பல்கலைக்கழகங்கள் தமிழ் சினிமாவை ஏறெடுத்துப் பார்க்காத காலத்தில் அந்தப் பாடத்தைத் தொடங்கிவைத்தவர் ஓர் அஞ்சல் அதிகாரி.

இன்றைய ரசிக விமர்சகர்களிடமும் அப்படியொரு பலம் இருக்கிறது. உலக சினிமாவைக் கரைத்துக் குடித்தவருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். 2024 செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து' படத்தை எடுத்துக்கொள்ளலாம். தினேஷ் கிரிக்கெட் மட்டையோடு களத்தில் இறங்கும்போது விஜயகாந்த் பாட்டு ஒலிப்பதும் தியேட்டர் எழுந்து நிற்பதும் எல்லா விமர்சனத்திலும் வந்தது. ஆனால் சாதியைக் காரணமாக வைத்து ஒருவனை டீமில் சேர்க்காமல் நழுவுவது எப்படி நடக்கும், வாய்விட்டுச் சொல்லாமலே அதை எப்படிச் சொல்வார்கள் என்பதைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை தோறும் வெயிலில் நின்று டோர்னமென்ட் ஆடியவர்தான் அதைச் சொல்ல முடியும். 2025 மே மாதம் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் சசிகுமாரும் சிம்ரனும் பேசும் ஈழத்துத் தமிழ் எங்கே ஒட்டியது, எங்கே நழுவியது என்பதை மயிலாப்பூரில் உட்கார்ந்திருக்கும் விமர்சகரைவிட யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவர் நன்றாகச் சொல்வார். நீதிமன்றக் காட்சிகளுக்கு வக்கீல், மருத்துவமனைக் காட்சிகளுக்கு நர்ஸ், லாரிச் சண்டைக்கு லாரி டிரைவர் என்று இத்தனை விதமான கண்கள் வேறு எந்தக் கலைக்கும் வாய்த்ததில்லை.

"முடிந்தால் நீயே ஒரு படம் எடுத்துக் காட்டு" என்பது ரசிக விமர்சகர்கள் காதில் அடிக்கடி விழும் சவால். அதை ஏற்றவர்களும் உண்டு. பதின்ம வயதிலேயே திரைப்படக் கழகம் தொடங்கிய பிரெஞ்சு ரசிகர் ஃபிரான்சுவா த்ரூஃபோ, விமர்சகராகிக் காரசாரமாக எழுதியதால் 1958-இல் கான் திரைப்பட விழாவுக்குள் அனுமதிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டே தன் முதல் முழுநீளப் படத்தோடு போய்ச் சிறந்த இயக்குநர் விருதை வாங்கினார். இங்கே யூடியூப் விமர்சகர் ப்ளூ சட்டை மாறன் 2021-இல் 'ஆன்டி இண்டியன்' எடுத்தார். தணிக்கையோடு மல்லுக்கட்டி வெளியான அந்தப் படத்தை மற்ற விமர்சகர்கள் அவர் பாணியிலேயே அளந்து பார்த்தார்கள். இருந்தாலும் ஒரு ரசிகர் கருத்துச் சொல்லப் படமெடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. டிக்கெட்டைக் கொடுக்கும்போது யாரும் அப்படி ஒரு நிபந்தனை போடுவதில்லையே.

ரசிக விமர்சகருக்கு நிஜமான ஆபத்து தடையிலிருந்து வரவில்லை. பணத்திலிருந்து வருகிறது. ஓரளவு ஆட்கள் பின்தொடரத் தொடங்கியதும் விளம்பர நிறுவனங்களிடமிருந்து அழைப்பு வரும். முதலில் இலவச டிக்கெட், பிறகு நடிகரோடு ஒரு பேட்டி, அதன் பிறகு பதிவுக்கு இவ்வளவு என்ற பேரம். அப்புறம் வருகிற படமெல்லாம் ஐந்துக்கு நாலரை. பணம் தராத படத்துக்கு ஒன்றரை. 200 ரூபாயை ஒட்டிய டிக்கெட்டோடு பார்க்கிங், பாப்கார்ன் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு கிளம்புபவர் நம்பி ஏமாறுவது இங்கேதான். ஆனந்த விகடன் மார்க் போட்ட காலத்தில் '16 வயதினிலே' வாங்கியது நூற்றுக்கு 62.5. அதைத் தலைமுறை தாண்டியும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பத்திரிகை லேசில் மார்க் போடாது என்ற நம்பிக்கைதான் காரணம்.

இதற்கு வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. பணமோ இலவசமோ வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பரிந்துரைத்தால் அதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். தயாரிப்பாளர்கள் நீதிமன்றத்தில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். ஆனால் பெய்டு விமர்சனத்துக்குக் காசு கொடுப்பவர்களும் அதே துறைக்குள் இருப்பதால் அந்தக் கோரிக்கை அவ்வளவு சுலபமாக வராது.

ரசிகர்கள் தரப்பிலும் கழுவ வேண்டிய கறை இருக்கிறது. தன் நாயகனின் படத்தைக் குறை சொன்னவரின் தாயையும் தங்கையையும் இழுத்துப் பேசுவது, போட்டி நடிகரின் படத்தைப் பார்க்காமலே குப்பை என்று எழுதுவது, அறிமுகக் காட்சியைக் கைபேசியில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புவது ஆகியவற்றை ரசனைக் கணக்கில் சேர்க்க முடியாது. கடைசியாகச் சொன்னது குற்றமும்கூட. 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டப்படி தியேட்டருக்குள் படத்தைப் பதிவு செய்தால் மூன்று ஆண்டு வரை சிறை.

முதல் காட்சித் தீர்ப்பு தப்பிப்போவதற்கும் நிறைய உதாரணம் உண்டு. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' தியேட்டரில் ஓடவில்லை. 2010 பொங்கலுக்கு வந்த 'ஆயிரத்தில் ஒருவன்' குழப்பமான படம் என்று பலரால் ஒதுக்கப்பட்டது. இரண்டையும் பிறகு கைதூக்கி விட்டவர்களும் ரசிகர்களே. டிவியில் பார்த்து, டிவிடியில் பார்த்து, சோழர் கதையின் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்து எழுதி, இயக்குநர் செல்வராகவனிடம் இரண்டாம் பாகம் கேட்டு நச்சரித்து, 2021 டிசம்பர் 31-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' மறுபடி தியேட்டருக்கு வருமளவுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் பொறு என்று எந்தச் சட்டமும் சொல்லாமலே பத்து ஆண்டு விடாமல் எழுதியவர்கள் இவர்கள்.

அவசரத் தீர்ப்பை நிஜமாகவே தவிர்க்க விரும்பினால் தயாரிப்பாளர்களிடமே சாவி இருக்கிறது. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் பல நாள் முன்பே விமர்சகர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டி, இன்ன நேரத்துக்கு முன் எழுதக் கூடாது என்று கட்டுப்பாடு வைக்கின்றன. தமிழிலும் பல சின்னப் படங்களுக்கு முன்கூட்டியே பத்திரிகையாளர் காட்சி நடக்கிறது. பெரிய நட்சத்திரப் படங்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த வழக்கம் இல்லை. அனுபவமுள்ள விமர்சகரும் முதல் காட்சி விசிலுக்கு நடுவே பாதி வசனத்தைத் தொலைத்துவிட்டு, மதியத்துக்குள் எழுதித் தள்ள வேண்டியிருக்கிறது. புதன்கிழமை மாலை ஒரு காட்சி போட்டு, பத்திரிகைக்காரர்களோடு பல ஆண்டுகளாகச் சொந்தக் காசில் பார்த்து எழுதும் ரசிகர்கள் இருபது பேருக்கும் இடம் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை காலை வரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். காது வலிக்கிறது என்ற தகவல் அன்று ராத்திரியே வந்து சேரும். ஒலியைக் குறைக்கவும் 12 நிமிடத்தை வெட்டவும் முழுசாக ஒரு வியாழக்கிழமை கையில் இருக்கும்.