சிவப்புக் கூண்டும் மஞ்சள் பலகையும்

சீமைக் கிராமம் ஒன்றின் படத்தைச் சென்ற வாரம் என் வகுப்புப் பிள்ளைகளிடம் காட்டினேன். பழைய கல் வீடு. அதன் பக்கத்தில் குங்குமச் சிவப்பாக ஓர் இரும்புக் கூண்டு. "இது என்ன?" என்று கேட்டேன். "காவல்காரர் நிற்கிற பெட்டிங்க ஸார்" என்றான் ஒருவன். "கோயில் உண்டியல்" என்றாள் ஒரு சிறுமி. டெலிபோன் என்றால் சட்டைப் பையில் இருப்பது என்று மட்டுமே அறிந்த குழந்தைகளைச் சொல்லிக் குற்றமில்லை.

லிவர்பூல் பெரிய தேவாலயத்துக்குத் திட்டம் வகுத்த ஸர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்பவர், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டி 1935-ல் அந்தக் கூண்டுக்கு உருக் கொடுத்தார். வார்ப்பிரும்பு, எட்டடிக்குச் சற்று அதிகமான உயரம். ஆதியில் கிராமத்து ஜனங்கள் பலர் அந்தச் சிவப்பைக் கண்டு முகம் சுளித்தார்கள். இயற்கை அழகு மிகுந்த சில இடங்களில் சாம்பல் வர்ணம் பூசும்படி ஆயிற்று. பிற்பாடு செல்போன் வந்து, கூண்டுகளைப் பெயர்த்தெடுக்க ஆரம்பித்தபோதோ, கிராமத்தாரே குறுக்கே நின்றார்கள். 2008 முதல் டெலிபோன் கம்பெனி, கூண்டு ஒன்றை ஒரு பவுண்டு விலைக்கு ஊராரிடமே ஒப்படைத்து வருகிறது. இப்படிக் கைமாறியவை 7,000-க்கும் மேல். ஸோமர்ஸெட்டில் ஒரு கிராமத்தார் 2009-ல் அதற்குள் புத்தகங்களை அடுக்கி வாசகசாலை ஆக்கிவிட்டார்கள். வேறு பல ஊர்களில், இருதயம் நின்று போனவரைப் பிழைப்பிக்கும் மின்சாரக் கருவி அதற்குள் இருக்கிறது.

பிறர் நாட்டுப் பொருள்களைக் கொண்டுபோய்ப் பொருட்காட்சிசாலையில் வைப்பதில்தான் ஆங்கிலேயர் சமர்த்தர் என்று எண்ணியிருந்தேன். சொந்தச் சாமானையும் கொஞ்சம் பத்திரப்படுத்துகிறார்கள் போலிருக்கிறது!

எங்கள் துடியலூரில் இரும்புக் கூண்டை நான் கண்டதில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மஞ்சள் பலகையும் கறுப்பு எழுத்துமாக எஸ்.டி.டி. பூத்துகள்தான் இருந்தன. கண்ணாடித் தடுப்பு, புழுக்கம், தலைக்கு மேலே சிவப்பு இலக்கங்கள் ஓடும் மீட்டர். அந்த இலக்கம் ஏற ஏறப் பேசுகிறவர் குரலும் வேகம் பிடிக்கும். பின்னிரவில் கட்டணம் கால் பங்குதான் என்பதற்காகத் தூக்கத்தை விட்டு வரிசையில் நின்ற குடும்பங்கள் எத்தனை!

சீமைக் கூண்டுக்குள் ஆள் கிடையாது. நம்முடையதில் ஆள் உண்டு. உடல் ஊனமுற்றோருக்கு முன்னுரிமை அளித்துச் சர்க்கார் கொடுத்த பிழைப்பு அது. எங்கள் தெருமுனை பூத்துக்காரருக்குக் கால் இரண்டும் நடக்க வராது. வீட்டில் டெலிபோன் இல்லாத நாங்கள் உறவினருக்கெல்லாம் அவருடைய நம்பரையே கொடுத்திருந்தோம். 1998-ல் ஒரு மழை இரவில் மூன்று சக்கர வண்டியைக் கையால் மிதித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். "தம்பி, அப்பாவை எழுப்புங்க. மதுரையிலிருந்து போன் வந்துச்சுங்க. பத்து நிமிஷத்துல மறுபடி கூப்பிடறாங்களாம்" என்றார். பாட்டி காலமான செய்தி. கண்ணாடிக்குள் அப்பா அழுதபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்திருந்தார். அப்பா அங்கிருந்தே நாலைந்து ஊர்களுக்குத் தகவல் சொன்னார். அந்த இரவுக்கு அவர் பில் போடவில்லை.

2003-ல் செல்போனுக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. மறு வருஷம் நானும் ஒன்று வாங்கினேன். அதன்பின் அந்த பூத்தைத் தாண்டி எத்தனையோ தரம் சைக்கிளில் போயிருக்கிறேன். ஒரு தரமாவது இறங்கினேனா என்றால், இல்லை. அது எந்த மாதம் மூடிற்று என்பது கூட எனக்குத் தெரியாது.

இப்போது அவ்விடத்தில் ஒரு பேக்கரி. மஞ்சள் பலகை பின்பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகக் கிடந்தது. கேட்டதும் கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். ஒரு பவுண்டு கூடக் கேட்கவில்லை. துடைத்து எடுத்துப்போய் வகுப்பறைச் சுவரில் சாய்த்து வைத்து, மழை இரவுக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

உண்டியல் என்று சொன்ன அதே சிறுமி எழுந்தாள். "அவர் இப்ப எங்கீங்க ஸார் இருக்காரு?" என்று கேட்டாள்.

பேக்கரிக்காரரிடம் பலகையைத்தான் கேட்டேனே தவிர, அதைக் கேட்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகவேண்டும்.