தகரத்துக்கு அடியில் என்ன?

அப்புத்தளைப் பக்கம் தோட்டத்தில் தனிவீடு கட்டும் மருமகன் போனில் கேட்டான்: "மாமா, தகரத்துக்கு அடியில என்னத்த போட்டா குளிர் நிக்கும்?" மார்கழி, தையில் அங்கே கம்பளிக்குள் சுருண்டாலும் கூதல் விடாது. விடியற்காலையில் தகரம் வேறு வியர்த்துப் பாயில் சொட்டும். அடுப்பின் ஆவியும் மனிதர் மூச்சும் மேலே போய், பனியில் சில்லிட்ட தகரத்தில் பட்டு நீராகின்றன. கூரை ஓட்டை என்று நினைத்து அதற்குத் தார் பூசுகிறவர்களும் உண்டு.

குளிர்நாடுகளில் கூரைக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு என்று வெப்பக்காப்பின் அளவைச் சட்டமே சொல்லிவிடும். நம் நாட்டின் சக்தி வினைத்திறன் விதிகள் பெரிய வணிகக் கட்டிடங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பதுளை மாவட்டத்தில் வீடு கட்ட அனுமதி கேட்டால் முதலில் எழும் கேள்வி மண்சரிவுதான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அறிந்த யாரும் அதைத் தொல்லை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் நிலம் தேறியபின், கூரைக்கு அடியில் என்ன என்று கேட்க ஆளில்லை.

அதனால் மருமகனுக்கு நானே சொன்னேன். தகரத்தின் கீழே பளபளப்பான ஃபாயில் விரிக்கலாம். ஆனால் தகரத்தோடு ஒட்டக்கூடாது, இடைவெளி வேண்டும். அங்கே அடைபட்ட காற்றுதான் பாதி வேலையைச் செய்கிறது. அதன்கீழ் சீலிங்கும் அடித்தால் உத்தமம். ரெஜிபோம் மலிவுதான், தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக் கரும்புகை கக்கும். ஒரு காம்பராவில் பற்றிய தீ லயத்தின் மறுகோடிவரை ஓடியதை மலையகம் எத்தனையோ தடவை கண்டிருக்கிறது. விறகடுப்புக் குசினியை மட்டும் இறுக்கி அடைக்காதே, புகை போக வழி விடு என்றேன்.

"அப்ப பேசாம அஸ்பெஸ்டஸ் சீட் போட்டுறவா? மழைச் சத்தமும் கொறையும்" என்றான்.

அந்தச் சீட்டுக்கும் நம் கொழுந்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987இலேயே தடைசெய்தது. வெள்ளையையும் 2018 முதல் கட்டுப்படுத்த அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸைப் பெருமளவில் விற்பதும் ரஷ்யாதான். அரசு தன் தீர்மானத்திலிருந்து பின்வாங்கியது. ஆண்டு முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. கொழுந்து பறிப்பவர் தலைக்குமேல் புற்றுநோய்த் தூசி இருக்கலாமா என்ற விவகாரம், அவர்கள் பறித்த கொழுந்தை வைத்தே பேசி முடிக்கப்பட்டது.

புதிதாக அந்தச் சீட்டைப் போடாதே என்றேன். ஏற்கெனவே கூரையில் அது உள்ளவர்கள் அதை அறுக்கவோ துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம். கழற்றித்தான் ஆகவேண்டுமென்றால் நன்றாக நனைத்துவிட்டு, முழுசாக இறக்குங்கள்.

மருமகனைப்போல் தனியே கட்டுபவர்கள் மட்டுமல்ல, தோட்ட மக்களுக்கு இந்திய உதவியிலும் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுரஅடி வீடுகள் எழும்புகின்றன. தோட்டங்களில் செலவழிக்கப் பிரதேச சபைகளுக்கு இருந்த தடையும் 2018இல் நீங்கிவிட்டது. இனி வீட்டுத் திட்டம் பேச வருபவர்களிடம், தண்ணீருக்கும் பாதைக்கும் பக்கத்திலேயே சீலிங்கையும் மதிப்பீட்டில் எழுதச் சொல்லுங்கள். சட்டம் கேட்காததை நாம்தான் கேட்கவேண்டும்.