கடப்பாரைக்கு என்ன அவசரம்?

பெரம்பூர் பின்னி மில்! ஒரு காலத்தில் இதன் காக்கித் துணிக்கு ஊரெல்லாம் பேர்.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெயர் பெற்ற சென்னை தொழிலாளர் சங்கம், 1918-ல் இந்த மில் தொழிலாளர்களுக்காகத்தான் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் பாடுபட்ட சங்கம்.

1996-ல் மில்லுக்குப் பூட்டு. அப்புறம் சினிமா ஷூட்டிங். இப்போது அந்த மண்ணில் அடுக்குமாடி வீடுகள்.

போனது போச்சு. மிச்சமிருக்கிற பழைய ஆலைகள், கிடங்குகள் மீதும் கடப்பாரை விழணுமா?

லண்டனில் பாட்டர்சீ மின்நிலையம் 1983-ல் நின்றுபோனது. ஆனால் இடிக்கவில்லை. 1980-லேயே அரசு அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது. பல வருஷம் பாழாய்க் கிடந்த கட்டடம், 2022-ல் புதுசாகத் திறந்தது. கொதிகலன் இருந்த இடத்தில் இன்று ஆப்பிள் கம்பெனி ஆபீஸ்!

லாபம் என்ன? செங்கல் ஏற்கனவே சுட்டாச்சு. சுவரும் நிற்கிறது. புதுசாகக் கட்டினால் சிமெண்ட் வேண்டும். உலகம் கக்கும் கரியமில வாயுவில் சுமார் 7 சதவீதம் சிமெண்டால் வருவதுதான். கனத்த சுவர் வெயிலைத் தாங்கும். உயரமான ஜன்னல் வெளிச்சம் தரும். கரண்ட் பில் குறையும்.

சுவர் உறுதியா என்று என்ஜினீயர்கள் பார்க்கட்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பத்திரமாக அகற்றட்டும்.

பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க 2012-லேயே இங்கே சட்டம் நிறைவேறியது. கோட்டையும் கோர்ட்டும் மட்டுமா பாரம்பரியம்? உழைப்பாளி வியர்வை சிந்திய ஆலையும்தான்!

ஆலைகளைப் பட்டியலில் சேருங்கள். அங்கே ஆபீஸ் வரட்டும். அந்தப் பேட்டைப் பிள்ளைகளுக்கு அதில் வேலை கிடைக்கட்டும்.

இடிக்க ஒரு நாள் போதும். திரும்பக் கட்ட முடியுமா?