நம்பிக்கை எந்த ஏட்டில்?

பிளாக்செயின் வந்தால் நிலப் பதிவேட்டில் மோசடி ஒழியும். செயற்கை நுண்ணறிவு வந்தால் ஏழையின் மனு தேங்காது என்கிறார்கள். தமிழக அரசு 2020-லேயே இரண்டுக்கும் கொள்கைகளை வெளியிட்டது. பிளாக்செயின் கட்டமைப்புக்கு ‘நம்பிக்கை இணையம்’ என்று பெயரும் சூட்டியாயிற்று. அப்பெயரே என்னை உறுத்துகிறது.

பல கணினிகளில் காக்கப்படும் ஒரே கணக்கேடு அது. எழுதியதை எவரும் மறைவாகத் திருத்த இயலாது. நன்று! ஆனால், எழுதியது உண்மையா என்று அந்த ஏடு கேட்பதில்லையே! இலஞ்சி வயல்களில் வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவரின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. பதியாமல் விட்டது மனிதர், கருவியன்று. விடுபட்ட ஏட்டை அழியா ஏடாக்கினால், அநீதியே அழியாததாகும். அதைப் படித்துப் பழகும் செயற்கை நுண்ணறிவும், பயிர் இழப்பீட்டுக்குப் பட்டாதாரரையே கைகாட்டும்.

கருவியை நான் பழிக்கவில்லை. பொறுப்பு மனிதருடையதே என்று 2025 ஜனவரியில் வத்திக்கான் வெளியிட்ட ‘அந்திக்குவா எத் நோவா’ ஆவணமும் நினைவூட்டுகிறது. ஆகவே, நம் அன்பியக் கூட்டங்களில் ஒரு கேள்வி எழட்டும்: நிலமுடைய நாம், நம் குத்தகையாளரின் பெயரைப் பதிய முன்வருவோமா? மனச்சான்று முதலில் எழுதட்டும். கணினி பிறகு காக்கட்டும்.