ஓய்வுக்காலச் சேமிப்பும் ஒரு வாழைப்பழ வியாபாரியும்

சண்டிகரில் உள்ள பி.ஜி.ஐ. மருத்துவமனைக்குப் பஞ்சாபிலிருந்து மட்டுமன்றி அரியானா, இமாசலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர் ஆகிய இடங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். உள்ளே படுத்திருப்பவருக்கு மருத்துவமனை உணவு உண்டு. வெளியே நடைபாதையில் துண்டை விரித்துக் காத்திருக்கும் தாய்க்கும் தமையனுக்கும் அது கிடையாது. மருந்துக்கும் பரிசோதனைக்கும் என்று முந்தானையில் முடிந்து வைத்த பணத்தைத் தொட மனமின்றி, அவர்கள் தங்கள் ஒரு வேளை உணவைக் கைவிடுகின்றனர்.

அந்த வாசலில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அன்னமிட்டவர் ஜகதீஷ் லால் அஹுஜா. 'லங்கர் பாபா' என்றே மக்கள் அவரை அழைத்தனர். குருத்துவாராக்களில் சாதி, சமயம் கேளாமல் உணவிடும் பொது அடுக்களைக்கு லங்கர் என்று பெயர். பெஷாவரில் பிறந்து, நாட்டுப் பிரிவினையின்போது அகதிச் சிறுவனாக வந்து, தெருவில் தின்பண்டம் விற்று, பின்னர் சண்டிகரில் வாழைப்பழ வியாபாரத்தால் உயர்ந்தவர் அவர். மகனின் பிறந்தநாளுக்குக் காய்கறிச் சந்தையில் உணவு வழங்கியதே தொடக்கம். மருத்துவமனை வாசலில் பருப்பு, சோறு, சப்பாத்தி, அல்வா ஆகியவற்றோடு குழந்தைகளுக்குப் பிஸ்கட்டும் பலூனும் கொடுத்தார். பசித்த பிள்ளைக்குப் பலூனும் வேண்டும் என்று எண்ணிய அந்த மனத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம். செலவு கூடியபோது, சேர்த்த சொத்துகளை ஒவ்வொன்றாக விற்றார். புற்றுநோய்க்கு ஆளான பிறகும் பணியை விடவில்லை. 2020இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2021 நவம்பரில் மறைந்தார்.

ஒரு வங்கியின் இதழுக்கு இங்கே சிறு சங்கடம் உண்டு. முதுமைக்கான சேமிப்பில் கைவைக்காதீர்கள் என்று ஓயாமல் கூறுபவர்கள் நாம். அவரோ சொத்தை விற்றுச் சோறிட்டார். சொத்தை விற்பதை எல்லோருக்கும் வழியாகக் காட்ட நாம் துணியமாட்டோம். தம் மருத்துவச் செலவுக்கும் வாழ்க்கைத் துணையின் பிற்காலத்துக்கும் ஒதுக்கி வைத்த பிறகே ஈவது தக்கது. ஆயினும், அந்த ஒதுக்கீட்டுக்குப் பின் எஞ்சுவதைப் பெற்றோர் அறத்துக்கு எழுதினால், "அப்பாவுக்கு என்ன ஆயிற்று?" என்று பிள்ளைகள் முகம் சுளிப்பது முறையன்று. அது அவர் ஈட்டிய பொருள். அதை ஈயும் உரிமையும் அவருடையதே.

அவரிடமிருந்து எவரும் பின்பற்றத்தக்கது நாள் தவறாமைதான் என்பது நம் கருத்து. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் அன்னதானம் செய்வோர் நம்மிடையே பலர். விழா நாள்களில் உணவு மிஞ்சுகிறது. சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் அடுப்பு அணைந்து கிடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெருந்தொகையைவிட, மாதந்தோறும் கணக்கிலிருந்து தானாகச் செல்லும் 500 ரூபாயை நம்பியே அடுக்களைப் பொறுப்பாளர் அரிசி வாங்க முடியும். வரிச்சலுகை நாடுவோர், ரொக்கமாகத் தரும் நன்கொடை 2,000 ரூபாய்க்கு மேற்பட்டால் அதற்குக் கழிவு இல்லை என்பதையும், அரிசியாகவோ பருப்பாகவோ தருவதற்கும் இல்லை என்பதையும் அறிதல் நலம். தமக்குப் பின்னும் அறம் தொடரவேண்டும் என விரும்பும் மூத்தோர், அதை உயிலில் தெளிவாக எழுதிவைக்கவேண்டும். வாய்ச்சொல்லை நம்பி நிற்கும் அடுப்பு நெடுநாள் எரியாது.

பொருள் இல்லாத முதியோரும் ஈயலாம். அமிர்தசரஸ் பொற்கோயில் லங்கரில் வெங்காயம் நறுக்கவும் பூண்டு உரிக்கவும் முதியோர் பலர் வந்து அமர்கின்றனர். எவரும் அவர்களை "வயதாகிவிட்டதே, வீட்டில் இருங்கள்" என்று அனுப்புவதில்லை. நம் ஊர்களில் உணவறம் நடத்துவோர் தூக்கவும் சுமக்கவும் வலுவுள்ள இளைஞர்களையே தேடுகின்றனர். காய் நறுக்கும் இடத்தில் நிழலும், முதுகு சாய்க்க ஒரு சுவரும், காலை மடக்க இயலாதவருக்கு ஒரு நாற்காலியும் அவர்கள் ஒதுக்கினால், வர விரும்பும் மூத்தோர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனர்.