இரண்டாம் பரீட்சை யாருக்கு?

நீட் பரீட்சையை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். சேர்க்கையில் மார்க்கைத்தான் பார்ப்பார்கள். முதல் தடவையா, மூன்றாம் தடவையா என்று கேட்கமாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நீதியாம்!

பென்னாகரம் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டில் இந்த நீதி என்ன ஆகிறது? தகப்பனார் பெங்களூரில் கட்டட வேலை. பிளஸ் டூ தேறிய மகள் இன்னொரு வருஷம் படிப்பதென்றால் வீட்டில் ஒரு கூலி குறையும். பயிற்சிக்கூடத்துக்குக் கட்டும் பணம் வேறு. அவள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறுகிறாள். பணக்கார வீட்டுப் பிள்ளையோ மறுபடியும் பரீட்சை எழுதுகிறான்.

நாம் கற்பனை பேசவில்லை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021ல் கணக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் முந்தைய வருஷங்களிலேயே பள்ளி முடித்தவர்கள், பிளஸ் டூ மார்க்கில் இடம் தந்த 2016-17ல் 12.47 சதவீதம். நீட் வந்த பின், 2020-21ல், 71.42 சதவீதம்!

திரும்ப எழுதுபவர்களை நாம் குறை சொல்லவில்லை. தோற்ற பிள்ளை மறுபடி முயல்வது நல்லதே. அந்த ஒரு வருஷத்தை விலைக்கு வாங்க வேண்டியிருப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020ல் கிடைத்த 7.5 சதவீத ஒதுக்கீட்டை வரவேற்கிறோம். ஆனால் அதற்கும் நீட்டில் தேற வேண்டுமே! இந்தப் பரீட்சை ஒழியும்வரை, மறுபடி எழுதும் ஏழைப் பிள்ளைகளுக்குத் தருமபுரியில் தங்குமிடம், சாப்பாடு, வாத்தியார், வீட்டுக்கு ஈட்டுப்படி, இத்தனையும் சர்க்கார் தரவேண்டும். அரூரிலும் பாலக்கோட்டிலும் விவசாயத் தொழிலாளர் கூட்டங்களில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள், தோழர்களே!